பெருக்காத வீடு

என் மாமியார் சின்னத்தாயியிடம் எத்தனையோ சாஸ்திரம் உண்டு. அதில் பாதியை நான் காதில் வாங்குவதில்லை, மீதியை அவரே மறந்துவிடுவார். ஒன்றில் மட்டும் பிடி விடமாட்டார். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்தார் என்று தெரியும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது. யாரும் தலைக்குக் குளிக்கவும் கூடாது. பெருக்கினால் போனவரின் காலடி மண்ணையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடுமாம், அவர் திரும்பி வரும் வழி அழிந்துவிடுமாம்.

தருமபுரிக்குப் போனால் இரண்டு மூன்று மணி நேரம். அதுவரை விளக்குமாறு மூலையில் கிடந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் இந்தத் தடவை என் கணவர் தினேஷ் கிளம்பியது ஆக்லாந்துக்கு. பெங்களூர் ஓரம் ஹெப்பகோடியில் எங்கள் தெருவோ லாரி போகிற தெரு. காலையில் பெருக்கினால் மத்தியானம் தரையில் விரலால் பெயர் எழுதலாம்.

"எத்தனை மணி நேரம்மா ஆவும்? அதச் சொல்லு மொதல்ல" என்று அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் செல்போனை எடுத்துத் தேடினேன். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்கிற ஒரு பக்கம் வந்தது. ஒரு கட்டத்தில் பெங்களூரு, இன்னொரு கட்டத்தில் ஆக்லாந்து. பதினொன்றரை ஆயிரம் கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் பறந்தால் பதினான்கு மணி நேரம். அப்படி நிற்காமல் போகிற விமானமும் கிடையாது, இடையில் இறங்கி மாற வேண்டும்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெளக்குமாத்துக்கு லீவு அத்தை" என்றேன்.

"ஏம்மா, அவ்ளோ தூரத்துலயா மனுசங்க இருக்காங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

தினேஷ் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் இருந்தார். கான்ட்ராக்ட் முடிந்தது, திரும்பக் கூப்பிடவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆஷ்லி என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். ஆக்லாந்தில் பழம் பேக் செய்கிற கோடவுனில் வேலை, தங்க இடம், சாப்பாடு. விசாவை பாங்காக்கில் கையில் கொடுப்பார்கள், அதனால் இங்கிருந்து டிக்கெட் பாங்காக் வரைதான். நாங்கள் யாரும் ஆஷ்லியை நேரில் பார்த்ததில்லை. ஒரு ரூபாய்கூட கேட்கவில்லை, டிக்கெட்டும் அவரே எடுத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள், நாங்களும் பார்க்கவில்லை.

ஒரு கண்டிஷன் மட்டும் போட்டார். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வரவேண்டும், அடுத்தடுத்த நாளில். அதனால் என் தம்பி சந்திரனும் பெயர் கொடுத்தான். அவன் அத்திபெலேயில் ஒரு கோடவுனில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தான். வேலையை விட்டுவிட்டு, புதுப் பை வாங்கி, அதில் எதை வைப்பது என்று ஒரு வாரமாக எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா அம்மா இல்லாத பையன். எனக்கு அவன், அவனுக்கு நான்.

தினேஷ் கிளம்பிய அன்று காலை ஆறு மணிக்கு ஆஷ்லி அனுப்பிய கேப் வந்தது. எங்கள் தெருவிலிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கே டிராஃபிக்கில் மூன்று மணி நேரம், அங்கிருந்து பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அத்தை மகன் நெற்றியில் விபூதி பூசினார். நீலக் கட்டம் போட்ட சட்டையில் தினேஷ் கையை ஆட்டி ஆட்டி டிரைவரிடம் வழி சொன்னார். கையைக் கட்டிவிட்டால் பேச்சே வராத மனிதர் அவர்.

"போய்ட்டு வரேம்மா. வாய்ஸ் மெசேஜ் போடறேன்" என்றார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தினேஷ் எங்கே போனாலும் எழுதி அனுப்ப மாட்டார், பேசித்தான் அனுப்புவார்.

நான் வேலைக்குப் போனேன். ஊறுகாய் கம்பெனியில் பில் போடுகிற வேலை. மாலை வீடு திரும்பினால் வாசலிலேயே தெரிந்துவிட்டது, தரை பளிச்சென்று இருந்தது. சாமி படத்துக்கு விளக்கு எரிந்தது. வாசல் ஓரத்தில் குப்பையைக் கட்டிய பிளாஸ்டிக் கவர் ஒன்று, காலையில் வருகிற குப்பை வண்டிக்காக.

"யார் பெருக்கச் சொன்னது?"

"மெசேஜ் வந்திருச்சும்மா!" அத்தையின் முகம் முழுக்கச் சிரிப்பு. "போய்ச் சேந்துட்டானாம். சந்திரன் படிச்சுச் சொன்னான். வெளக்கு வெச்சுட்டா அப்பறம் பெருக்கக் கூடாதுல்ல, அதான் அவசர அவசரமா ஒரு தள்ளு தள்ளிட்டேன்."

சந்திரன் அத்தையின் செல்போனைக் காட்டினான். இங்கிலீஷில் மூன்று வரி. பத்திரமாகச் சேர்ந்துவிட்டேன், இங்கே சிக்னல் சரியில்லை, பிறகு கூப்பிடுகிறேன்.

எனக்கு முதலில் உறுத்தியது தூரமில்லை, எழுத்து. பேசி அனுப்புகிறவர் ஏன் எழுதினார்? அதுவும் தன் அம்மாவுக்கு, இங்கிலீஷில்? அதற்கப்புறம்தான் மணியைப் பார்த்தேன், ஐந்தே முக்கால். விமானம் பதினொன்றுக்கு. இப்போது எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் பாங்காக்கில் இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பாங்காக் போய்ச் சேந்ததத்தான் சொல்றாருக்கா" என்றான் சந்திரன். நியாயம்தான். நானும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருந்தாலும் கேட்டு எழுதினேன்: இப்போ எங்கே இருக்கீங்க, பாங்காக்கா ஆக்லாந்தா?

பதில் உடனே வந்தது, அதுவும் இங்கிலீஷில். ஆக்லாந்து. ரூம் நன்றாக இருக்கிறது. ரொம்பக் குளிர்.

தூரம் சொல்கிற அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். நிற்காமல் பறந்தாலே பதினான்கு மணி நேரம். பாதி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இவர் ரூமில் உட்கார்ந்து குளிருகிறது என்கிறார். புஷ்பக விமானமா அனுப்பினார்கள்?

ஆஷ்லிக்கு போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"சார், என் ஹஸ்பெண்ட் ஆக்லாந்து போய்ச் சேந்துட்டார்னு மெசேஜ் வந்திருக்கு."

"ஆமா மேடம். கங்கிராட்ஸ்."

"பெங்களூர்லேருந்து அங்க போக எத்தனை மணி நேரம் சார் ஆகும்?"

அவருக்குப் பின்னால் ஒரே இரைச்சல், பல பேர் ஒரே சமயத்தில் போன் பேசுகிற மாதிரி. தமிழும் இந்தியும் கலந்து கேட்டது. ஒருவன் மட்டும் தெலுங்கில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஆறு, ஏழு மணி நேரம் மேடம். இப்போல்லாம் ஃபாஸ்ட் ஃப்ளைட்."

அந்த ஊரைச் சொல்லித்தான் அவர் ஆள் பிடிக்கிறார். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளக்கூட அவர் மெனக்கெடவில்லை. எங்களை ஏமாற்ற அதுகூடத் தேவைப்படவில்லை. பயத்தையும் மீறி எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நாளைக்கு ஆறு மணிக்குத் தம்பிக்கு கேப் வரும் மேடம். லேட் பண்ண வேணாம்" என்றார்.

"அவன் ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமே சார்."

"வேணாம் மேடம். தம்பி வந்தாத்தான் உங்க ஹஸ்பெண்டுக்கு நல்லது."

"என்ன நல்லது?"

"ரெண்டு பேர்னு சொல்லியிருக்கோம். ஒருத்தர்தான் வந்தாருன்னா இங்க இருக்கறவங்களுக்குப் பிடிக்காது. அவங்க கோபத்த யார் மேல காட்டுவாங்க, சொல்லுங்க?" அவர் குரல் கடைசிவரை மரியாதையாகவே இருந்தது. குட்நைட் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். தினேஷ் ஆக்லாந்து போகவில்லை, அந்த போன் அவர் கையில் இல்லை, சந்திரன் நாளைக்குப் போகக்கூடாது. சந்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உனக்கு எப்பவும் சந்தேகம்தான்க்கா. ஒரு வெப்சைட்டப் பாத்துட்டு இப்படி ஆடற. மாமா தூக்கக் கலக்கத்துல ஏதோ போட்டிருப்பாரு. நான் இருந்த வேலையும் விட்டுட்டேன், தெரியுமில்ல?"

"ஏம்மா, வெளக்கு வெச்ச நேரத்துல அபசகுனமா பேசற?" என்றார் அத்தை. "என் புள்ள அங்க ஒத்தையாக் கெடக்கான். சின்னவன் போனா துணைக்குத் துணையாச்சு."

"ஓ! உங்க புள்ளைக்குத் துணைக்கு என் தம்பிய அனுப்பணுமா?"

அத்தை என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆஷ்லி கடைசியாகச் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அத்தை தம்பியைக் கையோடு கூட்டிப்போய் வண்டியில் ஏற்றிவிடுவார் என்று பயந்தேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்? அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் தம்பி. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்தபோது சந்திரன் குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றான். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "தள்ளுக்கா" என்றான். அப்போது அத்தையின் செல்போன் அடித்தது. வீடியோ கால். தினேஷ்.

திரையில் வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் அதே நீலக் கட்டம் சட்டை. விபூதி இல்லை. சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட அவ்வளவு பல் தெரியாது.

"அம்மா! நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். எடம் சூப்பரா இருக்கு. சாப்பாடு சூப்பரா இருக்கு. சந்திரன் கெளம்பிட்டானா? உடனே அனுப்பு."

"பாத்தியா!" என்று சந்திரன் என்னைப் பார்த்தான்.

நான் தினேஷின் கைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டுமே மேலே வரவில்லை. இவ்வளவு பேசியும் ஒரு விரல்கூட திரையில் தெரியவில்லை.

"அங்க மணி என்னங்க?" என்று கேட்டேன். அந்நேரம் ஆக்லாந்தில் மத்தியானம் தாண்டியிருக்க வேண்டும். அவர் கண் பக்கவாட்டில் போனது. அங்கே யாரோ இருந்தார்கள். "காலைலதான்" என்றார், அதே சிரிப்போடு.

தெருவில் ஹாரன் கேட்டது. கேப் வந்துவிட்டது. சந்திரன் என் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினான். நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை எங்களைக் கவனிக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், செல்போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு கத்திப் பேசினார். "நேத்து நீ போய்ச் சேந்துட்டேன்னதும்தான்டா எனக்கு உசுரே வந்துது. வெளக்கு வெக்கறதுக்குள்ள வீட்டக்கூட பெருக்கிட்டேன்."

தினேஷின் சிரிப்பு அப்படியே நின்றது. உதடு மட்டும் சிரித்தபடி இருக்க, கண்ணில் நீர் நிறைந்ததை நான் பார்த்தேன்.

"ஏம்மா பெருக்குன?" என்றார்.

யாரோ அதட்டுகிற குரல் கேட்டது. அவர் மறுபடியும் சிரிப்பைப் பெரிதாக்கிக்கொண்டு, குழந்தையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "பெருக்காதம்மா. நீ தலைக்கும் ஊத்திக்காத. எப்பப் பெருக்கணும்னு நானே என் வாயால சொல்றேன். சரியா? சந்திரன நல்லா பாத்து..."

லைன் போய்விட்டது.

அத்தை இருண்ட திரையைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஹாரன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை நீளமாக. சந்திரன் கதவைத் திறந்துவிட்டான். அத்தை அவனைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். வண்டிக்காரனிடம் பேசப்போகிறார், பையனை அனுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டிப் பக்கமே திரும்பவில்லை. வாசல் ஓரத்தில் இருந்த குப்பைக் கவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். முடிச்சைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அப்படியே நடுவீட்டில், சந்திரனின் புது ஷூ மேலேயே படும்படி, மொத்தக் குப்பையையும் கொட்டினார். செம்மண் தூசி, முடி, வெங்காயச் சருகு. தினேஷ் கிளம்பும்போது சட்டையிலிருந்து கிழித்துப் போட்ட விலைச்சீட்டும் அதில் கிடந்தது.

"அவன் போய்ச் சேரல" என்றார்.

"அத்தை..." என்றான் சந்திரன்.

"போய்ச் சேரலடா. என் புள்ள போய்ச் சேரல. வேற எங்கயோ இருக்கான்." அந்த மண்ணைக் கையால் தரையெல்லாம் பரப்பினார். முதல் நாள் எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே போய்ச் சேரட்டும் என்பதுபோல் சுவர் மூலைவரை தள்ளினார். "நீ பைய எறக்கி வை. நீ போவக்கூடாது. அவந்தான் சொல்லிட்டானே."

சந்திரன் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்தான். அழுதான். வெளியே வண்டிக்காரன் கதவைத் தட்டினான், பிறகு கன்னடத்தில் யாரிடமோ போனில் பேசினான், பிறகு போய்விட்டான். என் செல்போன் அடிக்கத் தொடங்கியது. ஆஷ்லி. நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து திரும்ப அடித்தது. அத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"சின்னவன் போவலைன்னா என் புள்ளைய ஏதாச்சும் பண்ணுவாங்களா?"

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மறைக்காமல், ஆஷ்லி சொன்னதை அப்படியே.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கதவைத் திறக்கச் சொல்லவில்லை. என் தம்பியின் ஷூவில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைக்கப் போனவர், துடைக்காமல் கையை இழுத்துக்கொண்டார். முதல் நாள் நான் கேட்ட கேள்விக்காக என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடித்து ஓய்ந்த பிறகு ஆஷ்லியிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது. ஓகே மேடம். அதோடு அந்த எண் உபயோகத்தில் இல்லை. தினேஷின் எண்ணுக்கு அனுப்புவது எதுவும் போய்ச் சேர்வதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். வெளிநாட்டில் மாட்டியவர்களுக்கென்று இருக்கிற எண்ணுக்கும் பேசினோம். எல்லோரும் பொறுமையாகத்தான் கேட்டார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்தார்கள்: அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்? ஆக்லாந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். பாங்காக்கில் இறங்கியவரை அங்கிருந்து எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்பது தெரியாது.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது சில நாள் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். ஒரு கட்டத்தில் பெங்களூரு என்று போடுவேன். இன்னொரு கட்டம் காலியாக நிற்கும். இரண்டு ஊர்ப் பெயர் கொடுத்தால்தான் அது தூரம் சொல்லும். ஹெப்பகோடி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிடுவேன்.

வீட்டைப் பெருக்குவதில்லை. தூசி படிந்து, சுவரோரம் திட்டாகிவிட்டது. நடந்தால் காலுக்கடியில் நறநறக்கிறது. வீட்டு ஓனர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மனுஷர் இருக்கிற வீடா இது என்று கத்தினார். "வீட்டு ஆள் இன்னும் போய்ச் சேரலைங்க" என்று நான்தான் சொன்னேன். சந்திரன் திரும்பவும் அத்திபெலேக்கு வேலைக்குப் போகிறான். கிளம்பும்போது ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை, போய் இறங்கியதும் அத்தைக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறான்.

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வரும். எங்கள் வாசலில் நிறுத்தி "கசா, கசா" என்று கன்னடத்தில் குப்பை கேட்டுக் கூப்பிடுவார்கள். அத்தை கதவைப் பாதி திறந்து, "நம்ம வீட்ல குப்பை இல்லப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.